அமெரிக்க கார் ரேஸிங்குக்கு ஒரு ட்ரிபிள் கிரவுன்: எந்த மூணு ரேஸ எடுக்கலாம்?

அமெரிக்க ரேஸிங்க கொஞ்ச நாள் தொடர்ந்து பாக்குறவங்க எல்லாரும் இந்த கேள்வில வந்து மாட்டிக்கிறாங்க. உலக ட்ரிபிள் கிரவுன்னா மொனாக்கோ கிராண்ட் பிரீ (ஃபார்முலா 1), இண்டி 500 (இண்டியானாபொலிஸ்ல நடக்குற 500 மைல் ரேஸ்), பிரான்ஸோட லெ மான் 24 மணி நேரம், மூணையும் ஜெயிச்ச ஒரே ஆளு கிரஹாம் ஹில். அதுல அமெரிக்க ரேஸ் ஒண்ணு தான் இருக்கு. சரி, அமெரிக்காவுல நடக்குற ரேஸ மட்டும் வச்சு மூணு எடுக்கணும்னா எதை எடுக்குறது? இண்டி 500ல யாருக்கும் சந்தேகம் இல்ல, டேடோனா 500னு பாதி பேரு சொல்றாங்க, மீதி பேரு அதையே தூக்கணும்ங்கிறாங்க, மூணாவது எதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் வருது.

என் கருத்த முன்னாடியே சொல்லிடுறேன். பழமை, பேரு, புகழ் எல்லாம் முக்கியம் தான், ஆனா இன்னைக்கு கார் ஓட்டிட்டு இருக்குற ஒரு ஆளு நெஜமாவே இறங்கி முயற்சி பண்ண முடியாத கிரீடத்தால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதனால காலண்டரையும் சீட் கிடைக்குமாங்கிறதையும் பாக்காம இதை முடிவு பண்ணவே கூடாது.

## எதை வச்சு அளக்குறது

முதல்ல, மூணும் மூணு வகை காரா இருக்கணும். அமெரிக்காவுல பெரிய குடும்பம் மூணு இருக்கு: இண்டிகார் மாதிரி சக்கரம் வெளிய தெரியுற ஓப்பன் வீல், தெருவுல ஓடுற கார் மாதிரி தோற்றத்துல இருக்குற, நாஸ்கார் நடத்துற ஸ்டாக் கார், இம்சா நடத்துற ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்க குதிரை ரேஸ் ட்ரிபிள் கிரவுன்ல கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூணுலயும் அதே மூணு வயசு குதிரைங்க தான் ஓடும். கார்ல அப்படி வச்சா ஒரே சீரிஸ்ல கெட்டிக்காரனா இருக்குற ஆளுக்கு இன்னொரு கோப்பை குடுத்த மாதிரி தான் ஆகும், ஏற்கனவே அதுக்கு சாம்பியன்ஷிப்னு ஒண்ணு இருக்கு.

ரெண்டாவது, அந்த ரேஸ வாழ்க்கைல ஒரே ஒரு தடவ ஜெயிச்சிருந்தாலும் அந்த ஆளு பேர சொல்றப்போ அதையும் சேத்து சொல்லணும், அவ்வளவு கனம் வேணும். மூணாவது, வேற சீரிஸ்ல ஓட்டுறவங்க வர்றதுக்கு தேதி இடிக்கக்கூடாது, ஓட்ட ஒரு கார் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கணும். நாலாவது, திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் எவ்வளவு பங்குன்னு பாக்கணும்.

அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, இதை பெரும்பாலானவங்க யோசிக்கிறதே இல்ல: அந்த ட்ராக் இன்னும் அம்பது வருஷம் இருக்குமா? 1971ல இருந்து இண்டிகார் உலகத்துக்குள்ளயே ஒரு ட்ரிபிள் கிரவுன் இருந்துச்சு, இண்டியானாபொலிஸ், போகோனோ, கலிஃபோர்னியால ஒன்டாரியோ, மூணும் 500 மைல். 1978ல ஆல் அன்சர் ஒரே வருஷத்துல மூணையும் ஜெயிச்சார், வேற யாராலயும் அது முடியல. ரெண்டே வருஷத்துல, 1980ல, ஒன்டாரியோ ட்ராக்கையே மூடிட்டாங்க. அப்புறம் 2013ல போகோனோவையும் கலிஃபோர்னியால இருக்குற ஃபான்டானாவையும் சேத்து மறுபடி ஆரம்பிச்சாங்க, மூணையும் ஜெயிச்சா பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சாங்க, அதை யாரும் வாங்கல, கொஞ்ச வருஷத்துல இண்டிகார் அந்த ரெண்டு ட்ராக்கயும் விட்டு வெளிய வந்துடுச்சு. அன்சர் செஞ்சது எவ்வளவு பெரிய விஷயம், இன்னைக்கு ரேஸிங் பாக்குறவங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்?

## ஓப்பன் வீல்: இண்டி 500

இதுல வாதம் பண்ண ஒண்ணுமே இல்ல. 1911ல ரே ஹாரூன் ஜெயிச்ச முதல் ரேஸ்ல இருந்து ரெண்டு உலகப்போர் வருஷங்கள தவிர நிக்காம நடக்குது. 2.5 மைல் ஓவல் (நீள்வட்ட ட்ராக்), 200 லேப், 33 கார். 2021ல ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸ் ஜெயிச்சப்போ ரேஸோட சராசரியே மணிக்கு 190.690 மைல்.

மறைஞ்சிருக்கிற விலைன்னா, தகுதிச் சுற்று. பெரிய பேரு இருந்தா மட்டும் உள்ள விட மாட்டாங்க, 2019ல ஃபெர்னாண்டோ அலோன்சோவே 33க்குள்ள வர முடியாம வீட்டுக்கு போனார். அதோட ஓவலுக்கும், இடதும் வலதுமா வளைஞ்சு போற ரோடு கோர்ஸுக்கும் இருக்குற வித்தியாசத்தையும் மறக்கக்கூடாது. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல இதே இண்டியானாபொலிஸ்ல ஃபார்முலா 1 ஓட்டி நாலாவதா வந்தார், மிஷெலின் டயர் டீம்கள் எல்லாம் விலகி ஆறே கார் ஓடின அந்த ரேஸ், ஆனா அது உள்ளுக்குள்ள போட்டிருந்த ரோடு கோர்ஸ், இந்த 500 மைல் ஓவலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

## ஸ்டாக் கார்: நாலு பேரு க்யூல நிக்கிறாங்க

டேடோனா 500. 1959ல ஆரம்பிச்சது, அந்த முதல் ரேஸ்ல லீ பெட்டி தான் ஜெயிச்சார்னு போட்டோவும் ஃபிலிமும் பாத்து முடிவு சொல்லவே மூணு நாள் ஆச்சு. வளைவுகள்ல ட்ராக்கே 31 டிகிரி சாய்ஞ்சிருக்கும், அதுக்கு பேரு பேங்கிங். 1979ல முதல் தடவையா முழு ரேஸையும் லைவ்ல காட்டினாங்க, கிழக்கு அமெரிக்கா பூரா பனில வீட்டுக்குள்ள முடங்கி கிடந்த நாள், கடைசி லேப்ல காலே யார்பரோவும் டானி அலிசனும் மோதி, அப்புறம் பாபி அலிசனும் வந்து சேர்ந்து அடிதடி ஆகி, நாஸ்கார் நாடு முழுக்க பேச்சானது அன்னைக்கு தான். சீசனோட முதல் ரேஸே அவங்களோட பெரிய ரேஸ், வேற எந்த விளையாட்டுலயும் இப்படி பாக்க முடியாது.

இதுக்கு எதிரா சொல்றவங்களோட வாதமும் சரியானது தான். என்ஜினுக்கு போற காத்த கட்டுப்படுத்தி ஓட விடுறதால நாப்பது காரும் ஒரே கொத்தா மணிக்கு 190 மைலுக்கு மேல ஒட்டிக்கிட்டு போகும், ஒருத்தர் தடுமாறினா இருபது கார் காலி. 2011ல ட்ரெவர் பெய்ன் இருபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், நாஸ்காரோட மேல் சீரிஸான கப்ல தன்னோட ரெண்டாவது ரேஸ்லயே ஜெயிச்சுட்டார். 2021ல மைக்கேல் மெக்டவல் முன்னூத்தம்பது ரேஸுக்கு மேல ஓடி முதல் தடவையா ஜெயிச்சது இங்க தான். அதே இடத்துல டேல் எர்ன்ஹார்ட்டுக்கு 20 தடவ முயற்சி வேண்டியிருந்துச்சு, 1998ல அவர் ஜெயிச்சப்போ மத்த டீம் ஆளுங்க எல்லாரும் பிட் ரோட்ல (டயர், பெட்ரோல் மாத்த கார் நிக்கிற பாதை) வரிசையா நின்னு கை குடுத்தாங்க. அதிர்ஷ்டம் நிறைய இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த கை குடுத்த வரிசைய பாத்தா இந்த ரேஸுக்கு கனம் இல்லன்னு எனக்கு சொல்ல வரல.

சதர்ன் 500. என்னோட மனசுக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டாக் கார் ரேஸ் இது. 1950, டேடோனா 500க்கு ஒன்பது வருஷம் மூத்தது. டார்லிங்டன் ட்ராக் முட்டை வடிவத்துல இருக்கும், நிலத்த வித்தவர் தன்னோட மீன் குளத்த தொடக்கூடாதுன்னு சொன்னதால ஒரு பக்க வளைவ சுருக்க வேண்டியதாப் போச்சு, அதனால ரெண்டு முனையும் ரெண்டு விதமா ஓட்டணும், ஒரு முனைக்கு கார செட் பண்ணா இன்னொரு முனைல அது கேக்காது. வலது பக்கத்த சுவத்துல உரசாம ஒரு நாள் முழுக்க ஓட்டி முடிக்கிறதே பெரிய விஷயம். முதல் ரேஸ்ல 75 கார் இறங்குச்சு, தகுதிச் சுற்றுல மெதுவா ஓடின ஜானி மான்ட்ஸ் தான் ஜெயிச்சார், ஏன்னா மத்தவங்க டயர் வெடிச்சு வெடிச்சு நின்னுட்டே இருந்தாங்க, இவரு லாரி டயர் போட்டிருந்தார். மான்ட்ஸ் இண்டியானாபொலிஸ்ல ஓட்டி பழகின ஆளு, ரேஸ் ட்ராக்ல டயர் எப்படி தேயும்னு அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு. வகை மாறி வந்து ஜெயிச்சவங்க கதைல இது தான் எனக்கு முதல்.

திறமைய மட்டும் பாத்தா டேடோனாவ விட இது மேல. ஆனா தேதி செப்டம்பர் பக்கம், அமெரிக்க தொழிலாளர் தினமான லேபர் டே வாரம், சாம்பியன்ஷிப் சண்டை சூடாகுற நேரம், வெளிய இருந்து ஒருத்தர் வந்து ஓட்ட எந்த டீமும் நல்ல கார குடுக்காது. 2005ல இருந்து சில வருஷம் அந்த பேர்ல ரேஸே இல்லாம போச்சு, லேபர் டே வாரத்துக்கு திரும்பி வந்தது 2015ல தான்.

கோகா கோலா 600. 1960, சார்லட், 600 மைல், நாஸ்கார்லயே நீளமானது, சாயங்கால வெயில்ல ஆரம்பிச்சு ராத்திரில முடியும், போகப்போக ட்ராக்கோட குணமே மாறும். ரேஸா பாத்தா குறை இல்ல. ஆனா இண்டி 500 நடக்குற அதே ஞாயித்துக்கிழமை தான் இதுவும். மத்தியானம் இண்டியானாபொலிஸ், சாயங்காலம் சார்லட், நடுவுல விமானம். 1994ல ஜான் ஆண்ட்ரெட்டி ஆரம்பிச்சு வச்சாரு, அதுக்கப்புறம் ராபி கார்டன், டோனி ஸ்டூவர்ட், கர்ட் புஷ், கைல் லார்சன்னு 2025 வரைக்கும் மொத்தமே அஞ்சு பேரு தான் இதை முயற்சி பண்ணியிருக்காங்க, அதுலயும் 1,100 மைலையும் முழுசா ஓட்டி முடிச்சது 2001ல ஸ்டூவர்ட் ஒருத்தர் தான், அங்க ஆறாவது, இங்க மூணாவது. 2024ல லார்சன் இண்டில மழையால தாமதமாகி சார்லட் வந்து சேந்தப்போ அங்கயும் மழை, ஒரு லேப் கூட ஓட்டாமலே ரேஸ் முடிஞ்சுபோச்சு. இந்த ஒரு நாள் சாதனைக்கு தனியா மரியாதை உண்டு, அதை கிரீடத்துக்குள்ள திணிச்சா ரெண்டுக்குமே கெடுதல்.

ப்ரிக்யார்ட் 400. 1994ல ஜெஃப் கார்டன் ஜெயிச்சு ஆரம்பிச்சது. இண்டி ட்ராக்கிலயே நடக்குறதால இடம் ரிபீட் ஆகுது, 2021ல இருந்து மூணு வருஷம் ஓவல விட்டு ரோடு கோர்ஸுக்கு போயிட்டு 2024ல திரும்புச்சு. இதை விட்டுடலாம்.

## ஸ்போர்ட்ஸ் கார்: உண்மையான சண்டை இங்க தான்

ரோலெக்ஸ் 24, டேடோனா. 1962ல மூணு மணி நேர ரேஸா ஆரம்பிச்சு 1966ல 24 மணி நேரம் ஆச்சு. 3.56 மைல், பேங்கிங்கும் உண்டு உள்ளுக்குள்ள வளைவுகளும் உண்டு. லெ மான் ஜூன்ல நடக்குது, ராத்திரி சின்னது. இது ஜனவரி, கிட்டத்தட்ட 13 மணி நேரம் இருட்டுல ஓட்டணும், குளிர் வேற.

இதோட பெரிய பலம் அந்த ஜனவரி தான். இண்டிகாரும் நாஸ்காரும் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, எல்லா டிரைவரும் சும்மா இருப்பாங்க. 2015ல ஜெயிச்ச கனாஸி டீம் கார்ல யாரு யாரு இருந்தாங்கன்னு பாருங்க: ஸ்காட் டிக்ஸன், டோனி கனான் ரெண்டு பேரும் இண்டி 500 ஜெயிச்சவங்க, ஜேமி மெக்மரே டேடோனா 500 ஜெயிச்சவர், நாலாவது ஆளு கைல் லார்சன். மூணு குடும்பமும் ஒரே கார்ல உக்காந்த மாதிரி. வருஷத்துல வேற எந்த ரேஸ்ல இது நடக்கும்?

விலைன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு, ஒரே கார மூணு நாலு பேரு மாத்தி மாத்தி ஓட்டுறாங்க, அஜித்குமார் டீம் துபாய் 24 மணி நேரத்துல ஓடினத பாத்தவங்களுக்கு இது எப்படின்னு தெரியும், அப்போ பெருமை யாருக்கு? 1983ல ஏ.ஜே. ஃபாய்ட்டோட சொந்த கார் நின்னுபோச்சு, ப்ரெஸ்டன் ஹென் தன்னோட போர்ஷே 935ல அவர ஏத்தி விட்டார். அதுல ஓட்டிட்டு இருந்த பாப் வோலெக்குக்கு செம கோவம், அந்த கார இதுவரைக்கும் தொட்டே பாக்காத ஆளுகிட்ட குடுக்குறீங்களேன்னு. ஃபாய்ட் மழைல வேகமா ஓட்டி காட்டினார், கார் ஜெயிச்சுது, ரெண்டு வருஷம் கழிச்சு இதே வோலெக்கோட சேந்து 1985லயும் ஜெயிச்சார். கூட்டா ஓட்டுறதால திறமை மறைஞ்சு போகும்ங்கிறவங்களுக்கு நான் காட்டுறது இந்த கதைய தான். ரெண்டாவது, பல வகுப்பு கார் ஒண்ணா ஓடுற இந்த ரேஸ்ல 2023ல இருந்து மேல் வகுப்பு ஹைப்ரிட் ஜிடிபி கார் ஆயிடுச்சு, ஸ்டியரிங்ல பட்டனே ஏகப்பட்டது, கம்பெனி டீம்கள் தன்னோட ஆளுங்களத் தான் முதல்ல போடுது, நாஸ்கார் ஆளு வந்து நேரா ஏறுறது முன்ன விட கஷ்டம்.

இன்னொரு பெரிய ஆட்சேபம்: டேடோனா 500 இருந்தா, மூணுல ரெண்டு ஒரே ட்ராக்ல ஆயிடும். இது நியாயமான குறை. லேஅவுட் வேற, கார் வேற, ஓட்டுற விதம் வேறன்னாலும் ஊரு ஒண்ணு தான்.

செப்ரிங் 12 மணி நேரம். அந்த ஆட்சேபத்துக்கு பதில் இது. 1952ல இருந்து நடக்குது, ரோலெக்ஸ விட மூத்தது. ரெண்டாம் உலகப்போர்ல பாம்பர் விமான ஓட்டிகளுக்கு பயிற்சி குடுத்த தளம், அந்த பழைய கான்கிரீட் மேலயே இன்னும் ஓடுறாங்க, பலகை பலகையா இருக்குற அந்த மேடு பள்ளத்துல 12 மணி நேரம் அடி வாங்குறது வேற இடத்துல 24 மணி நேரத்துக்கு சமம்னு டீம் ஆளுங்களே சொல்றது உண்டு. கடைசி வளைவு 17ல கார் குதிக்கிறத டிவில பாத்தாலே நம்ம முதுகு வலிக்கும். மாரியோ ஆண்ட்ரெட்டி 1967ல டேடோனா 500 ஜெயிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள ப்ரூஸ் மெக்லாரனோட சேந்து செப்ரிங்கும் ஜெயிச்சார், அதே மாதிரி இன்னொரு வசந்தத்த யோசிச்சு பாக்கவே முடியல.

ஆனா தேதி மார்ச். சனிக்கிழமை ரேஸ். நாஸ்கார் சீசன் முழு வேகத்துல ஓடிட்டு இருக்கும், அங்க சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஞாயிறு ரேஸ். கப் டிரைவர் இங்க வரவே முடியாது. அறுபதுகள்ல முடிஞ்சது இப்ப முடியாது.

பெட்டி லெ மான். 1998ல ரோடு அட்லான்டால ஆரம்பிச்சது, அருமையான ட்ராக், ஆனா வயசு பத்தல.

## ஒரே பார்வைல

| ரேஸ் | தொடக்கம் | மாசம் | வெளி ஆளுக்கு வாய்ப்பு | மறைஞ்சிருக்கிற விலை | எப்போ இது சரி |
|---|---|---|---|---|---|
| இண்டி 500 | 1911 | மே | உண்டு, தகுதிச் சுற்று கடுமை | மே மாசமே போயிடும் | எப்பவும் |
| டேடோனா 500 | 1959 | பிப்ரவரி | உண்டு, சில இடம் தான் | அதிர்ஷ்டம் | வகை மாறி முயற்சி பண்ணுறத மதிச்சா |
| சதர்ன் 500 | 1950 | ஆகஸ்ட்/செப்டம்பர் | ரொம்ப கம்மி | சாம்பியன்ஷிப் நெருக்கடி | ஓட்டும் திறமை மட்டும் முக்கியம்னா |
| கோகா கோலா 600 | 1960 | மே | இண்டியோட இடிக்குது | ஒரே நாள் | நாஸ்கார் மட்டும் இருக்குற கிரீடத்துக்கு |
| ரோலெக்ஸ் 24 | 1962 | ஜனவரி | நல்லாவே உண்டு | கூட்டா ஓட்டுறது, அதே ட்ராக் | இன்னைக்கு ஓடுறவங்களுக்கு |
| செப்ரிங் 12 | 1952 | மார்ச் | நாஸ்கார் ஆளுக்கு இல்ல | தேதி | பழைய சாதனைகள அளக்க |

## வேற மாதிரி கிரீடம் வேணும்னா

நாஸ்கார் மட்டும் போதும்னு நினைக்கிறவங்களுக்கு 1985ல வந்த வின்ஸ்டன் மில்லியன் நல்ல மாதிரி. டேடோனா 500, டல்லடேகா ட்ராக்ல நடக்குற 500 மைல் ரேஸ், சார்லட் 600, சதர்ன் 500, இந்த நாலுல மூணு ஜெயிச்சா பத்து லட்சம் டாலர். முதல் வருஷமே பில் எலியட் வாங்கினார், கடைசி வருஷம் 1997ல ஜெஃப் கார்டன், நடுவுல யாரும் இல்ல. வேகம், பொறுமை, வரலாறு எல்லாம் அதுல இருந்துச்சு. அந்த ரசிகருக்கு அது தான் கிரீடம், அதுல தப்பு இல்ல.

பைக்ஸ் பீக் மலையேற்றத்த சேக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. 1916, 12.42 மைல், 156 வளைவு, உச்சி 14,115 அடி. ஆண்ட்ரெட்டி 1969ல இண்டி 500 ஜெயிச்ச அதே வருஷம் இதையும் ஜெயிச்சார். எனக்கும் ஆசை தான், ஆனா அது கடிகாரத்தோட போட்டி, பக்கத்துல இன்னொரு கார் கிடையாது. ஆஸ்டின் ஃபார்முலா 1 ரேஸுக்கு வெளி ஆளு ஒரு நாள் வந்து ஓட்ட வழியே இல்ல. நாக்ஸ்வில் நேஷனல்ஸ் மண் ட்ராக் உலகத்தோட உச்சம், அதுக்கு அந்த உலகத்துக்குள்ள தனி கிரீடம் கட்டணும்.

## நான் எடுக்குற மூணு

ரோலெக்ஸ் 24, டேடோனா 500, இண்டி 500. ஜனவரி, பிப்ரவரி, மே, ஒண்ணோட ஒண்ணு இடிக்கல, அஞ்சே மாசத்துல முடிஞ்சுடும். ஒரே ஊர்ல ரெண்டுங்கிற குறைய நான் ஏத்துக்கிறேன், ஏன்னா செப்ரிங் எடுத்தா ஊரு மாறும், ஆனா பாதி டிரைவர்கள் வெளிய நிப்பாங்க. இதுல நடைமுறை வசதி ஒண்ணும் இருக்கு: டேடோனா ட்ராக்கும் இம்சாவும் நாஸ்கார் கைல, இண்டியானாபொலிஸும் இண்டிகாரும் 2020ல இருந்து ரோஜர் பென்ஸ்கே கைல. ரெண்டு தரப்பு உக்காந்து பேசினா இந்த கிரீடத்துக்கு ஒரு கோப்பையும் பரிசும் நாளைக்கே அறிவிக்கலாம்.

விதிகளும் சொல்லணும். ரோலெக்ஸ்ல மொத்தத்துல முதலா வந்தா தான் கணக்கு, வகுப்புல ஜெயிச்சது சேராது. வாழ்நாள் கணக்கு, ஒரே வருஷம்னு கட்டாயம் இல்ல. இப்படி பாத்தா சந்தேகமே இல்லாம மூணும் வச்சிருக்கிறது ஃபாய்ட் தான்: இண்டி நாலு தடவ, டேடோனா 500 1972ல, 24 மணி நேரம் 1983, 1985. ஆண்ட்ரெட்டிக்கு டேடோனா 500 1967, இண்டி 1969, டேடோனாவோட அந்த ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் 1972ல ஜாக்கி இக்ஸோட சேந்து ஃபெராரில, ஆனா அந்த வருஷம் அதை 6 மணி நேரமா சுருக்கிட்டாங்க. நான் அவருக்கு குடுப்பேன். நடத்தினவங்க எவ்வளவு நேரம் வச்சாங்களோ அதுல அவர் முதல்ல வந்தார். 2024ல கூட அதிகாரிகள் கணக்கு தப்பாகி ஒன்றரை நிமிஷம் முன்னாடியே கொடி காட்டிட்டாங்க, அதுக்காக ஜெயிச்சவங்ககிட்ட இருந்து யாரும் புடுங்கலையே.

இப்ப ரெண்டு வச்சுக்கிட்டு மூணாவதுக்கு தவிக்கிறவங்கள பாத்தா நிறைய பேருக்கு தடை டேடோனா 500 தான். ஹுவான் பாப்லோ மோன்டோயா இண்டி ரெண்டு, ரோலெக்ஸ் மூணு, நாஸ்கார்லயே ஏழு சீசன் முழுசா ஓடியும் கிடைக்கல. காஸ்ட்ரோநெவெஸ் இண்டி நாலு, ரோலெக்ஸ் மூணு, 2025ல 49 வயசுல டேடோனா 500ல முதல் தடவையா இறங்கி பாதிலயே விபத்துல வெளிய வந்தார். டிக்ஸனும் அதே ரெண்டு. எதிர்ப்பக்கம் இருந்து பாத்தா ஜெஃப் கார்டனும் மெக்மரேயும் டேடோனா 500, ரோலெக்ஸ் ரெண்டும் வச்சிருக்காங்க, இண்டி இல்ல.

ஆனா நான் கண்ணு வச்சிருக்கிறது ஜோசஃப் நியூகார்டன் மேல. 2024 ஜனவரில பென்ஸ்கே டீம் போர்ஷேல ரோலெக்ஸ் 24, அதே மே மாசம் இண்டி 500, அதுவும் தொடர்ந்து ரெண்டாவது வருஷமா. அவரோட முதலாளிக்கு நாஸ்கார் டீமும் இருக்கு, 2022ல ஆஸ்டின் சின்ட்ரிக் டேடோனா 500 ஜெயிச்சது அந்த டீம்ல தான். வருஷத்துக்கு ஒரு தடவ, பிப்ரவரில மட்டும், அவருக்கு ஒரு கார் கூடுதலா இறக்கினா போதும், பென்ஸ்கே அதை செய்யணும்.